நடுங்காத காய்ச்சல்

அந்தப் பிளானல் பனியனைத் தைத்தவள் வடிவம்மாதான். மார்கழி மாதம் தைத்தாள். அப்போது கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே, மாவனல்லைப் பக்கத்து ஊர்களில், மலேரியா என்ற முறைக்காய்ச்சலில் ஆட்கள் வீடு வீடாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் மேலே கடுகண்ணாவைக்கும் ஏறி வந்தது. தையில் வடிவம்மாவுக்கே வந்தது. முதலில் பல்லைக் கிட்டிக்க வைக்கும் குளிர். பிறகு உடம்பு நெருப்பாகும். கடைசியில் பாய் நனைய வேர்க்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே வரிசையில் வந்து, அவளைப் பாதியாக்கிவிட்டுப் போனது.

அவளுடைய கணவன் ராஜலிங்கத்துக்கு மட்டும் வரவில்லை. வராமல் காப்பதுதான் அவளுடைய வேலையாக இருந்தது.

ராஜலிங்கம் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவன். கணவாய் ஏறும் ரயில்களை ஒரு எஞ்சின் இழுத்தால் போதாது. பின்னாலிருந்து இன்னொன்று தள்ள வேண்டும். அவன் தள்ளும் எஞ்சினில் இருந்தான். ரம்புக்கனையிலிருந்து மேலே வரும்வரை அடுப்பு வாயை மூட நேரம் கிடைக்காது. சுரங்கங்களுக்குள் புகையும் நீராவியும் முகத்தில் அடிக்கும். வெளியே வந்ததும் வெயில் அடிக்கும்.

முந்திய வருடங்களில் வடிவம்மா அவனுக்கு நீராகாரம் கொடுத்தனுப்புவாள். இரவு சோற்றில் ஊற்றிய தண்ணீரை விடியலில் வடித்து, உப்புப் போட்டு, தூக்குப் போணி நிறைய. மலையேறி முடிவதற்குள் போணி காலியாகும். வேலை முடிந்தவுடன் அவன் நேரே வீட்டுக்கு வரமாட்டான். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய குழாயடியில் சங்கிலியை இழுத்துவிட்டு நிற்பான். கரி வழிந்து ஓடிய பிறகு, தலை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வருவான். எஞ்சின் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

இந்த வருடம் அவள் இரண்டையும் நிறுத்தினாள்.

நிறுத்தச் சொன்னவள் ராஜலிங்கத்தின் அக்கா அழகம்மா. அவள் மாவனல்லையில் இருந்தவள். காய்ச்சல் அந்த ஊருக்குள் நுழைந்த புதிதில், மழையே இல்லாத புரட்டாசியில், அவளுடைய கணவர் போய்விட்டார். கொழும்பு ரோட்டில் கல் உடைக்கும் வேலை செய்தவர். பிள்ளை இல்லை. தம்பி வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். யார் வந்து கேட்டாலும் ஒரே மாதிரிச் சொல்வாள்.

"வேலையில இருந்து வந்தாரு. ஆத்துல எறங்கித் தலைய நனைச்சாரு. வேணாமுன்னேன், கேக்கல. ஒடம்பு தணலாக் கொதிச்சுச்சு. ரெண்டு கம்பளியப் போட்டுப் பொத்துனேன். பொழுது சாயிறதுக்குள்ள போயிட்டாரு."

ஒரு சொல் கூட மாறாது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தண்ணீர்தான் எமன் என்று பேசிக்கொண்டே போவார்கள்.

ஆகவே அந்த வீட்டில் நீராகாரம் கிடையாது. இளநீர் கிடையாது. மோர் கிடையாது. தலைக்குக் குளிப்பது இல்லை. போணியில் இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லித் தண்ணீர் சுடச்சுடப் போனது. மார்பில் சளி இறங்காமலிருக்கச் தடித்த சிவப்புப் பிளானல் துணியில் கழுத்து மூடிய பனியன், அதன்மேல் ரயில்வே சட்டை. அழகம்மா சொன்னாள் என்பதற்காக மட்டும் வடிவம்மா இதைச் செய்யவில்லை. அவளும் நம்பினாள். மாவனல்லை ரோட்டில் பாயில் சுற்றிய உடல்களைத் தூக்கிப் போனதை ரயிலிலிருந்து பார்த்தவள் அவள்.

ராஜலிங்கம் சிரித்தான். "இதப் போட்டுக்கிட்டு அடுப்பு முன்னால நின்னா நான் ரொட்டியாட்டம் வெந்துருவேன், வடிவு" என்றான். ஆனாலும் போட்டுக்கொண்டான். எஞ்சின் டிரைவர் ஜவாஹிர் அவனை நாள் தவறாமல் கேலி செய்தார். கவர்னர் தொரையே இப்படி உடுத்துவதில்லை, அடுத்த மாதம் உன் பொண்டாட்டி எஞ்சினுக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுப்பாள் என்றார். ராஜலிங்கம் அதை வீட்டில் வந்து சொன்னான். வடிவம்மாவும் சிரித்தாள்.

பங்குனியில் வெயில் கூடியது. மழை இல்லை. கிணறு சேறாகிவிட்டது. வரிசை வீடுகளின் தகரக் கூரை மத்தியானத்தில் தட்டிச் சத்தம் போட்டது. ராஜலிங்கத்துக்குக் கெண்டைக்காலில் இழுப்பு வந்தது. ஒருநாள் இரவு விரல்கள் மடங்கியபடி விறைத்துக்கொண்டன. மண்வெட்டியைப் பிடித்த மாதிரியே கை இருந்தது. வடிவம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்து, சூடு காட்டிய எண்ணெயைத் தேய்த்தாள். குளிர் நரம்பில் இறங்கிவிட்டது என்று அழகம்மா சொன்னாள். மறுநாள் போணியில் இஞ்சி கூடியது. தலைவலிக்கிறது என்றான். தலையில் துண்டைக் கட்டிவிட்டார்கள்.

அவனுடைய பனியனைத் துவைக்கும்போது வடிவம்மா ஒன்றைக் கவனித்திருந்தாள். மாசியில் அதன் முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். பிறகு அது குறைந்துகொண்டே வந்தது. குறைவது நல்லதுக்கு என்றே நினைத்தாள்.

அன்று மத்தியானம் ஜவாஹிரும் தண்டவாளத்து ஆட்கள் இரண்டு பேரும் ராஜலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜவாஹிர் முகம் கரியையும் மீறி வெளுத்திருந்தது.

நடந்ததை அவர் வாசலில் நின்றபடி சொன்னார். கீழேயிருந்து ஏறும்போதே ராஜலிங்கம் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கியிருக்கிறான். அடுப்பு திறந்திருக்கும்போதே அடுப்பைத் திற என்று சத்தம் போட்டிருக்கிறான். கடைசிச் சுரங்கத்தைத் தாண்டியதும் குடிகாரன் போல ஆடி, கரிமேல் விழுந்துவிட்டான். மீதித் தூரத்துக்கு அவரே கரி போட்டு எஞ்சினை மேலே கொண்டுவந்திருக்கிறார்.

"காய்ச்சல்தான் தங்கச்சி. ஒடம்பத் தொட ஏலாது" என்றார். "டிஸ்பென்சரி மருந்துக்காரர் கூட ஊர்ல இல்ல. காய்ச்சல் மருந்து குடுக்கக் கீழ கிராமத்துக்குப் போயிட்டாராம். ஆள் அனுப்பியிருக்கேன். அந்திக்குத்தான் வருவார்."

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால், அங்கே போகும் ரயில் இவர்கள் தள்ளிவந்ததுதான். அது போய்விட்டது. அடுத்தது பின்னேரம்.

ஜவாஹிர் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார். அழகம்மா அழவில்லை. இதற்காகவே காத்திருந்தவள் போல வேகமாக இயங்கினாள். கதவைச் சாத்தினாள். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டாள். பெட்டியைத் திறந்து இரண்டு கம்பளியை எடுத்தாள். தம்பியைக் கழுத்துவரை பொத்தி, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகினாள். செங்கல்லைச் சூடு பண்ணி, துணியில் சுற்றிக் காலடியில் வைத்தாள். பிறகு கொத்தமல்லி கொதிக்க வைக்கப் போனாள்.

வடிவம்மா அவனுடைய தலைமாட்டில் உட்கார்ந்தாள். இருட்டு அறை. மேலே தகரம் கொதித்தது. அவன் மூச்சு வேகமாக, மேலோட்டமாக வந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கண் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் நடுக்கத்துக்காகக் காத்திருந்தாள்.

காய்ச்சல் என்றால் முதலில் நடுக்கம். தனக்கு வந்தபோது அறைக் கதவே ஆடியது போலிருந்தது. அது வந்தால் இது தெரிந்த காய்ச்சல், அதற்குக் கொயினா மாத்திரை இருக்கிறது. அவன் தாடையைப் பார்த்தாள். அது அசையவில்லை. எஞ்சினிலும் இவன் நடுங்கியதாக ஜவாஹிர் சொல்லவில்லை. காலையில் போகும்போதும் நடுங்கவில்லை. அப்படியானால் குளிர் இல்லாமலே சூடு எப்படி வந்தது?

கம்பளிக்குள் கையை விட்டு, பனியனுக்கு உள்ளே மார்பைத் தொட்டாள். கையை எடுத்துவிட்டாள். திரும்பவும் தொட்டாள். வெயிலில் கிடந்த தகரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. ஈரம் இல்லை. இரண்டு கம்பளிக்கும் பிளானலுக்கும் அடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு சொட்டு வேர்வை இல்லை.

அவளுக்கு உப்புப் பூக்காத பனியன் ஞாபகத்துக்கு வந்தது. இவனிடம் வேர்ப்பதற்குத் தண்ணீர் தீர்ந்து எத்தனை நாளாயிற்றோ?

அழகம்மா கொயினாவைப் பொடித்துக் கொத்தமல்லித் தண்ணீரில் கலக்கி எடுத்து வந்தாள். தம்பியின் வாயைப் பிளந்து ஊற்றினாள். அவன் விழுங்கவில்லை. தண்ணீர் தொண்டையில் களகளவென்றது, உடம்பு தூக்கிப் போட்டது, முகம் கறுத்தது. வடிவம்மா அவனை ஒருக்களித்துப் புரட்டினாள். வாயிலிருந்து எல்லாம் வழிந்தது. அழகம்மா மறுபடியும் கோப்பையைக் கொண்டுவந்தாள். வடிவம்மா அந்தக் கையைப் பிடித்தாள்.

அழகம்மா வந்த நாளிலிருந்து அவள் நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வேணாம் மதினி. புரையேறிச் செத்துருவாரு."

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

வடிவம்மா கம்பளியின் ஓரத்தை உருவினாள். ஒன்று, பிறகு மற்றது. அழகம்மா ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தாள். பிறகு தரையில் விழுந்த கம்பளியை எடுத்துத் திரும்பப் போர்த்தினாள். வடிவம்மா இழுத்தாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அவன்மேல் கம்பளியை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு காய்ச்சல்ல நடுங்கவே இல்ல மதினி. ஒடம்பு காஞ்சு கெடக்கு. இது வேற ஏதோ. சூடு உள்ள நின்னுருச்சு. எறக்கணும்."

"எதால எறக்குவ?"

வடிவம்மா மூலையிலிருந்த குடத்தைப் பார்த்தாள். அழகம்மாவும் பார்த்தாள்.

"தண்ணி பட்டா ஜன்னி கண்டுரும்" என்றாள் அழகம்மா. குரல் தணிந்திருந்தது. "நா ஒருத்தர வாரிக் குடுத்தவ. என் தம்பிய நீ கொன்னுராத, வடிவு."

அந்தச் சொல் வடிவம்மாவை நிறுத்தியது. ஊற்றி அவன் செத்தால், தண்ணீர் ஊற்றிக் கொன்றவள். ஊற்றாமல் செத்தால், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். காய்ச்சல் கொண்டுபோயிற்று என்பார்கள். அவள்கூட அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அவனுடைய கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, விரல்கள் துடித்தன.

அவள் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். பனியனைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டினாள். அழுத்தமாகத் தைத்த இடங்களில் கத்தரி ஓடவில்லை, கையால் கிழித்தாள். ஜன்னல் சாக்கை இழுத்துப் போட்டாள். குடத்தைத் தூக்கி அவன் கழுத்திலும் மார்பிலும் ஊற்றினாள். முகத்தில் படாமல் ஊற்றினாள். கையில் பிடித்த தண்ணீரை அக்குளில் தேய்த்தாள். அழகம்மா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

குடம் காலியானது. அவன் உடம்பின் மேல் ஓடிய தண்ணீர் தரையில் வெதுவெதுப்பாக நின்றது. வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. கிணற்றில் சேறு.

வெளியே எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்டவாளம்வரை ஓடினாள். ஆண்கள் நிற்கும் அந்த இடத்துக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. ஜவாஹிர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அவரத் தூக்கிட்டு வரணும். இங்க, கொழாயடிக்கு."

ஜவாஹிருக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் தலையை ஆட்டினார். காய்ச்சல்காரனைத் தண்ணீரில் போட்டு அவன் மௌத்தானால் நாளைக்கு ரயில்வேக்காரனும் பொலிசும் தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். மருந்துக்காரர் வரட்டும் என்றார்.

"என்னயக் கேக்கச் சொல்லுங்க" என்றாள் வடிவம்மா. "நாந்தான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்தி வரைக்கும் அவரு இருக்கமாட்டாரு."

அவர் அவளுடைய நனைந்த கைகளைப் பார்த்தார். பிறகு எஞ்சினின் திறந்த அடுப்பைப் பார்த்தார். அதன் முன்னால் ராஜலிங்கமும் அவரும் நின்ற வருடங்கள் எத்தனையோ. சங்கிலியை விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

சாக்குக் கட்டிலோடு தூக்கி வந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தார்கள். ஜவாஹிர் குழாய் நுனியில் தொங்கும் தோல்வாயைத் திருப்பி, சங்கிலியை அளவாக இழுத்தார். தண்ணீர் அவனுடைய நெஞ்சில் விழுந்தது. வடிவம்மா தலையை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்டவாளத்து ஆள் ஒருவன் முறத்தால் வீசினான். வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து தள்ளி நின்றார்கள். காய்ச்சல்காரனுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறாள், பாவி, என்று ஒரு கிழவர் சொன்னது அவளுக்குக் கேட்டது.

ராஜலிங்கம் அசையவில்லை. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அவனுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிறகு அடுத்தது வராது என்று நினைத்தாள்.

அப்போது அவன் நடுங்கத் தொடங்கினான்.

முதலில் தாடை. பிறகு தோள். பிறகு கட்டிலின் கால்கள் சரளையில் தட்டும்படி உடம்பு முழுவதும்.

"பாத்தியா" என்றாள் அழகம்மா. அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் கம்பளி இருந்தது. "வந்துருச்சு. நீ வரவச்சுட்ட."

ஜவாஹிர் சங்கிலியை விட்டுவிட்டார். தண்ணீர் நின்றது. எல்லோரும் வடிவம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் காத்திருந்த நடுக்கம் இதுதானா? காய்ச்சல்தானா, தான் நினைத்ததெல்லாம் பிழையா? கம்பளிக்காகக் கை நீண்டது. நீட்டிய கையை அவன் வயிற்றில் வைத்தாள். தோல் குளிர்ந்திருந்தது. அழுத்தினாள். அடியில் சூடு அப்படியே இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் யார் உடம்பும் நடுங்கும். நடுங்குவதற்காவது இந்த உடம்புக்கு இப்போது உயிர் வந்திருக்கிறது. அவள் அப்படித்தான் நினைத்தாள். நிச்சயமாக ஒன்றும் தெரியாது.

"இன்னுங் கொஞ்சம், அண்ணே" என்றாள். "மெதுவா. வீசுறத நிறுத்தாதீங்க."

ஜவாஹிர் பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுச் சங்கிலியை இழுத்தார்.

வயிற்றுச் சூடு இறங்கியபோதுதான் அவள் போதும் என்றாள். பிறகு சேலைத் தலைப்பை நனைத்து நனைத்துத் துடைத்தாள். நிழல் கட்டிலைவிட்டு நகர்ந்தது. அவர்கள் கட்டிலை நிழலோடு நகர்த்தினார்கள். ராஜலிங்கத்தின் கண் மூடியது, திறந்தது. மேலே குழாயைப் பார்த்தது. ஜவாஹிரைப் பார்த்தது.

"எஞ்சினுக்குத் தண்ணி வேணாமா?" என்றான். நாக்குக் குழறியது.

ஜவாஹிர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எஞ்சின் கெடக்கட்டும்டா" என்றார். "அது ஒன்னப் போலப் பனியன் போட்டில்ல."

வடிவம்மா பக்கத்து வீட்டில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி, அவனைச் சாய்த்து உட்காரவைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். ஒவ்வொரு கரண்டியையும் அவன் விழுங்குகிறானா என்று தொண்டையைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுத்தாள்.

மருந்துக்காரர் அந்தியில் வந்தார். விரலில் குத்தி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்தார். கண்டியில் பார்த்துச் சொல்வார்கள், ஆனால் இது முறைக்காய்ச்சலாகத் தெரியவில்லை என்றார். வெயிலும் அடுப்பும் சேர்ந்து அடித்திருக்கிறது. கைகால் இழுத்தபோதே வேலையை நிறுத்தி, நிழலில் இருத்தி, உப்புத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். இன்னும் சிறிது நேரம் போர்த்தி வைத்திருந்தால் தான் வந்து பார்த்திருப்பது பிணத்தைத்தான். இவன் கொஞ்ச காலம் அடுப்புப் பக்கம் போகக்கூடாது; போனால் இதே மாதிரி மறுபடியும் விழுவான். இதையெல்லாம் களைத்த குரலில் சொன்னார். பல மாதங்களாகத் தூங்காதவர் போல இருந்தார். போகும்போது தரையில் கிடந்த சிவப்புத் துணியைக் காலால் புரட்டி, இந்த வெயிலில் இதைப் போட்டுவிட்டது யார் என்று கேட்டார்.

"நாந்தான்" என்றாள் வடிவம்மா.

அழகம்மா அங்கே இல்லை. குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

விடிந்தபோது ராஜலிங்கம் சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். வடிவம்மா அடுப்படிக்குப் போனாள். அழகம்மா பற்றவைக்காத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கம்பளிகள் மடித்துப் பக்கத்தில் இருந்தன.

"வடிவு. ஒனக்குக் காய்ச்ச வந்தப்ப மொதல்ல நடுங்குச்சில்ல?"

"ஆமா மதினி."

"எல்லாருக்கும் அப்பிடித்தானா?"

அழகம்மா சொல்லும் கதை வடிவம்மாவின் மனதில் ஓடியது. வேலையில் இருந்து வந்தார். ஆற்றில் தலையை நனைத்தார். தணலாகக் கொதித்தது. இரண்டு கம்பளி. எத்தனையோ தடவை கேட்ட கதை. அதில் நடுக்கம் எங்குமே இல்லை. அந்தப் புரட்டாசி வெயிலில் ஆறு வற்றி, மணல் நடுவே ஒரு ஓடையாகத்தான் கிடந்தது. அவர் காலையிலிருந்து ரோட்டு வெயிலில் கல் உடைத்துவிட்டு வந்திருந்தார்.

நேற்று பனியனுக்குள் கை வைத்தபோது வந்த பயம் திரும்ப வந்தது. இதற்கு ஊற்றத் தண்ணீர் எதுவும் இல்லை.

"சிலருக்கு நடுங்காமலே வருமாம்" என்றாள். "நேரா மூளைக்கு ஏறிருமாம். ஒண்ணும் செய்ய முடியாதாம். மருந்துக்காரரு நேத்து சொன்னாரு."

"எங்கிட்ட சொல்லலயே."

"நீங்க தண்ணிக்குப் போயிருந்தீங்க."

அழகம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். வடிவம்மா கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் பொய் வெளியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே ராஜலிங்கம் முனகினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அழகம்மா முந்திக்கொண்டாள். கட்டிலருகே மண்டியிட்டு, திறந்திருந்த அவனுடைய மார்பில் புறங்கையை வைத்தாள்.

"வேர்த்திருக்கு" என்றாள்.

கையை எடுக்கவில்லை.